இருபத்திரண்டாம் வாரத்து அச்சு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரின் மச்சினன் வந்தபோது மழை வலுத்திருந்தது. எப்போது வந்தாலும் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, இன்னைக்கு என்ன?" என்று கேட்கிற ஆள். அன்றைக்கு நிலைப்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டான். சட்டைக்குள் எதையோ நனையாமல் அணைத்திருந்தான். வெளியே எடுத்தபோது அது ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரே ஒரு தாள்.

அந்த வீட்டின் பின்பக்க அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். என் கூரை ஒழுகியதால் அவர்கள் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். அவரைத் தெருவில் சூட்டுக்காரர் என்பார்கள். கோபக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் கோபமே வராது. அதுதான் அந்த வீட்டுக்குப் பிடித்த வியாதி.

பெயர் வந்தது வேலையால். மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு அச்சு செய்கிற பட்டறையில் அச்சுக்குச் சூடு கொடுக்கிற இயந்திரம் அவருடையது. இரும்பு முழுக்கக் கடினமாக இருந்தால் கண்ணாடி மாதிரி முறியும். முழுக்க மிருதுவாக இருந்தால் ஈரத் துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதனால் மேல்தோலை மட்டும் கடினமாக்குவார்கள். அச்சை நட்டுக்குத்தலாக நிறுத்தி, செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை, காயில் என்பார்கள், அதில் வளையம்போல மாட்டிக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். காயில் போகிற இடமெல்லாம் இரும்பு இரண்டு நொடியில் ஆரஞ்சு நிறத்துக்கு வரும். காயிலுக்குக் கீழேயே இன்னொரு வளையம், அதில் வரிசையாக ஓட்டைகள், அவற்றிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். ஆரஞ்சு அணைந்து சாம்பல் நிறமாகும். அந்தச் சாம்பல் நிறத் தோல்தான் வண்டியைத் தாங்குகிறது. பெட்ரோல் வண்டி முக்கி முனகிக் கிளம்பும். மின்சார வண்டி மிதித்த நொடியே முழு பலத்தையும் அச்சின் தலையில் போடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அதே இயந்திரத்தில் பதினொரு மாதம் இரவு வேலை பார்த்தேன். ஒரு நாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அது வேறு கதை, சொல்லும்படி ஒன்றுமில்லை.

"மாமா, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்றான் மச்சினன். அதே பட்டறையில் சூப்பர்வைசர் அவன்.

வீட்டுக்காரரின் மனைவி, எனக்கும் அக்காதான், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"ஒண்ணுமில்லாததுக்கு ஞாயித்துக்கிழமை நனைஞ்சுக்கிட்டு வந்தியா? படி."

"மாமா படிச்சுக்குவாரு."

"உன் மாமா கண்ணாடி உடைஞ்சு ஒரு வாரம் ஆச்சு. நீயே படி. சத்தமா."

அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து போவேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் எழவில்லை. படித்தான். இன்ன தேதி, இரண்டாம் ஷிப்டில் பணியிலிருந்த நான், என்னுடைய சொந்தக் கவனக்குறைவால், அச்சைச் சுழற்றும் மோட்டாரை இயக்காமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டேன். அந்த ஷிப்டில் தயாரான இருநூறு அச்சுகளின் குறைபாட்டுக்கு நானே முழுப் பொறுப்பு. மேற்படி தவறு அதற்கு முன்போ பின்போ நிகழவில்லை என உறுதி கூறுகிறேன்.

அக்கா கரண்டியோடு கூடத்துக்கு வந்தார். தன் மின்சார வண்டியில் இருபது தண்ணீர் கேன் ஒரு நடைக்கு ஏற்றி இறக்குகிறவர். முன்கை இரண்டும் ஆண்பிள்ளைக் கைபோல இருக்கும்.

"யாரு எழுதினது?"

"மேனேஜர் டைப் பண்ணிக் குடுத்தாரு."

"நல்லா எழுதியிருக்காரு. கையெழுத்தையும் அவரே போட்டுக்கிட்டா என்ன?"

"அக்கா, விளையாடாத."

"பேனா இருக்கா மாப்ளே?" என்றார் சூட்டுக்காரர்.

கையைக் கழுவாமலே கேட்டார். கையில் சோறு ஒட்டியிருந்தது. மச்சினன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டுவதற்குள் அக்கா தாளைப் பிடுங்கி, தரையில் வைத்து, அதன் மேல் சோற்றுப் பானையைத் தூக்கி வைத்தார். அடியில் கரி பிடித்த பானை.

"முதல்ல சாப்பிடுங்க. ரெண்டு பேரும். அப்புறம் பேசலாம்."

மூன்று பேரும் சாப்பிட்டோம். ஆளுக்கொரு அவித்த முட்டை. மச்சினன் தன் முட்டையைத் தொடவில்லை. பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். கோடையின் நடுவில் இயந்திரத்தில் அச்சைச் சுழற்றுகிற மோட்டார் எரிந்துபோனது. சூடாகும்போதும் தண்ணீர் பீய்ச்சும்போதும் அச்சு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பக்கமும் ஒரேபோல வேகும், ஒரேபோல அணையும். தண்ணீர் வளையத்தில் நாலு ஓட்டை அடைத்திருந்தாலும் சுழற்சி இருந்தால் மோசமில்லை, அடுத்த ஓட்டை பார்த்துக்கொள்ளும். மோட்டார் எரிந்த அன்றே சூட்டுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேனேஜரிடம் போனார். மேனேஜர் வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"காயில் வட்டமாத்தானே இருக்கு? வட்டத்துக்கு நடுவுல நிக்கிறது எதுக்குச் சுத்தணும்?"

படித்தவர் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் அவருக்கே தெரியும். புது மோட்டார் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரை ஓட்டு என்றார். அந்த ரெண்டு நாள் ஏழு வாரம் ஆனது. மூன்று ஷிப்டும் ஓடியது. தண்ணீர் வளையத்தின் பின்பக்கத்து ஓட்டைகள் அழுக்கில் அடைத்துக்கொண்டன. முன்பக்க ஓட்டைகளைச் சூட்டுக்காரர் தினமும் கோணி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பின்பக்கத்துக்கு வளையத்தைக் கழற்ற வேண்டும், அரை மணி நேரம் இயந்திரம் நிற்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்று சொன்னது, இதோ முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறானே, இவன்.

எட்டு நாளைக்கு முன்னால், கிடங்குத் தெரு மேட்டில் சிமென்ட் மூட்டை ஏற்றிப் போன ஒரு வண்டியின் அச்சு முறிந்தது. நனைந்த மேடு. வண்டி பின்னால் உருண்டது. பின்னால் நடந்து வந்த சுமைக்காரர் கிடங்குக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டினார். இடுப்பெலும்பு நொறுங்கியது. அரை டன் ஏற்றலாம் என்று எழுதியிருந்த வண்டியில் அரை டன்தான் இருந்தது. அதிக பாரம் என்று வண்டியோட்டியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ரெண்டு நாள் கழித்து விட்டார்கள், லைசென்ஸை மட்டும் விடவில்லை.

முறிந்த அச்சு பட்டறைக்குத் திரும்பி வந்தது. மேனேஜர் சூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். முறிந்த முகத்தில், பழத்தோல் மாதிரி, கடினமான பாகம் சாம்பல் வட்டமாகத் தெரியும். முழு வட்டமாக இருக்க வேண்டும். அது பிறையாக இருந்தது. ஒரு பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு, தோலே இல்லை.

பார்த்ததும் சூட்டுக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏழு வாரம், மூன்று ஷிப்டு, இருபத்தைந்தாயிரம் அச்சு. மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தாராம். அந்தப் பொறுமையின் பலன்தான் பானைக்கு அடியில் இருந்தது.

"அதுல இருநூறுன்னுதானே போட்டிருக்கு?" என்றார் அக்கா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "மீதி?"

"மீதி நல்லாத்தான் இருக்கு."

"யாரு சொன்னா?"

"எல்லாத்தையும் ஹார்ட்னஸ் பார்த்துத்தான்க்கா அனுப்பினோம். அத்தனையும் பாஸ். புக்குல இருக்கு."

"பாஸ் ஆன அச்சுதானேடா அந்த மேட்டுல முறிஞ்சுது?"

 சூட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அது என்னாலதான்."

"என்ன உங்களால?"

"பாஸ் ஆனது."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளை முகம், அடியில் பட்டறையின் முத்திரை. கோடையில் அவருக்குக் கொடுத்த பரிசு. ஏன் கொடுத்தார்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கடிகாரம் சரியாக ஓடியது, அவ்வளவு போதும் என்று விட்டிருந்தோம்.

"அச்சுத் தலையில, வருஷத்துல எத்தனாவது வாரம் செஞ்சதுன்னு நம்பர் குத்தியிருக்கும்ல" என்று ஆரம்பித்தார். "டெஸ்ட் பண்ற பொண்ணுங்க அந்த நம்பருக்கு நேர் கீழேதான் ஊசி வெச்சுப் பார்ப்பாங்க. ஒரே இடம். விதி அது. ஒவ்வொரு அச்சையும் திருப்பித் திருப்பி நம்பரைத் தேடுவாங்க. பாவமா இருந்துச்சு. அச்சுதான் இப்ப சுத்தலையே, நேரா நிக்கட்டுமேன்னு, தாங்கியில ஒரு சின்ன முளை வெச்சேன். நம்பருக்கு நேரா இருக்கற போல்ட் ஓட்டை அதுல உட்காரும். அச்சு எப்பவும் நம்பரை முன்னாடி காட்டிக்கிட்டு நிக்கும். அப்படியே வரிசையா ட்ரேயில அடுக்கிடலாம். மூணு ஷிப்டும் அதையே பண்ணாங்க. வேலை சுளுவாச்சுன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் கடிகாரம் குடுத்தாரு."

அக்காவுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. 

"தண்ணி அடைச்சது பின்பக்கம்" என்றார் அவர், மெதுவாக. "நம்பர் எப்பவும் முன்பக்கம். ஊசி வெக்கிறது நம்பர் பக்கம். அந்தப் பக்கம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். கண்டபடி மாட்டியிருந்தா பத்துல ரெண்டு அச்சாவது ஊசியில சிக்கியிருக்கும். மறுநாளே தெரிஞ்சிருக்கும். நான் ஒழுங்கா வெச்சேன். அதனால ஒண்ணுகூடச் சிக்கல."



"அதான் மாமா, உங்களுக்கே தெரியுதுல்ல" என்றான் மச்சினன், ஆசுவாசமாக. "உங்க மேலயும் தப்பு இருக்கு. போட்டுடுங்க. ரெண்டு மாசம் வீட்டுல இருங்க. அப்புறம் அடுத்த யூனிட்ல எடுத்துக்கறேன்னு வாக்கு குடுத்திருக்காரு. போடலைன்னா வேலையும் போகும், கேஸும் வரும். எனக்கும் சேர்த்துத்தான்."

"அதனாலதான் போடறேன்னு சொன்னேன்" என்றார் சூட்டுக்காரர்.

அக்கா உட்கார்ந்தார். பானைக்குப் பக்கத்தில், ஒரு கையைப் பானையின் மேல் வைத்துக்கொண்டு.

"உங்க தப்பு என்னவோ அதை நீங்க எழுதுங்க. எத்தனை தடவை வேணா எழுதுங்க. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா மோட்டாரைப் போட மறந்தேன்னு எழுதியிருக்கே, நீங்க மறந்தீங்களா?"

"இல்ல."

"மோட்டாரே இல்லாதப்ப எப்படிங்க போட மறக்க முடியும்?"

"எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும்லக்கா" என்றான் மச்சினன்.

"நீ பேசாத. ஓட்டையைக் குத்த அரை மணி நேரம் குடுக்காதவன் நீ." பிறகு கணவரைப் பார்த்தார். "அந்த மேட்டுல முறிஞ்ச அச்சு எந்த வாரம்?"

"இருபத்தஞ்சு."

"கெட்டுப்போனது எதுலேர்ந்து எது வரைக்கும்?"

"பத்தொன்பதுலேர்ந்து இருபத்தஞ்சு."

"நம்ம வண்டியில?"

சூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கேள்விக்காக எட்டு நாளாகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது. அக்காவின் வண்டி கோடை முடிவில் வாங்கியது. அச்சு செய்கிற பட்டறை ஆட்களுக்கு வண்டிக் கம்பெனி விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தது. அதில் கிடைத்த வண்டி.

"பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பார்க்கல."

"ஏன்?"

"தெரிஞ்சுக்க வேணாம்னு நினைச்சேன்."

"எட்டு நாளா நான் அந்த மேட்டுல தினம் நாலு நடை ஏறி இறங்கறேன்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "எட்டு நாள். நாலு நடை. நீங்க காலையில டீ போட்டுக் குடுத்து அனுப்பி வெச்சீங்க. சர்க்கரை தூக்கலா. என்னன்னு நினைச்சேன்."

சூட்டுக்காரரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

"எழுந்திரிங்க. ஜாக்கியை எடுங்க. டேய், நீயும் வா. பின்ரூம்காரரே, நீங்க டார்ச் பிடிங்க."

வாசலில் தகரக் கூரைக்கு அடியில் வண்டி நின்றது. மூன்று சக்கரம், நீலப் பெட்டி. கூரையின் ஓரத்தில் தண்ணீர் திரையாக விழுந்தது. பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்ததால் டார்ச் தேவைப்பட்டது. முன்சக்கரத்துக்குச் செங்கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். சக்கரத்தை மச்சினன் கழற்றினான். அவனும் ஒருகாலத்தில் ஸ்பேனர் பிடித்தவன்தான், கை மறக்கவில்லை. டிரம்மைத் தட்டி எடுத்து, நாலு போல்ட்டைத் திருகி, சூட்டுக்காரர் இரண்டு கையாலும் அச்சைப் பிடித்து வெளியே இழுத்தார். கிரீஸும் கறுப்பு எண்ணெயும் வழிய, முழங்கை நீளத்துக்கு மேல் வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். தலைப்பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடி இல்லாததால் என்னிடம் நீட்டினார்.

"பதினேழு" என்றேன்.

மோட்டார் எரிவதற்கு இரண்டு வாரம் முன்னால் செய்தது. மச்சினன் சத்தமாக மூச்சு விட்டான்.

சூட்டுக்காரர் இடுப்பிலிருந்து அரத்தை எடுத்தார். சின்ன அரம், பாதிப் பல் தேய்ந்தது. பட்டறையில் யாரும் இப்போது அரம் வைத்துப் பார்ப்பதில்லை, மெஷின் இருக்கிறது. இவர் வைத்திருப்பார். கடினமான தோலில் அரம் பிடிக்காது, வழுக்கும். மிருதுவானதில் கவ்வும். அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுற்றிலும் இழுத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஐஸ் மேல் இழுப்பதுபோல வழுக்கியது.

"பாத்தியாக்கா" என்று சிரித்தான் மச்சினன். "நல்ல அச்சு. வீணா மாமாவைப் பயமுறுத்திட்டே."

"இன்னொரு சக்கரம் யாரு வண்டியோடது?" என்றார் அக்கா.

இரண்டாவது சக்கரத்தின் போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்திருந்தது. அதற்கே கால் மணி நேரம் ஆனது. மச்சினன் குழாயைச் செருகித் தொங்கினான். அக்கா தள்ளு என்று சொல்லி, ஒரே மிதி. போல்ட் கீச்சென்று விட்டது. அச்சு வெளியே வந்தது. துடைத்தார். என்னிடம் நீட்டினார். நான் டார்ச்சை அடித்து, துணியால் இன்னொரு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"இருபத்திரண்டு."

 சூட்டுக்காரர் அச்சை மடியில் வைத்து, நம்பருக்கு நேர் கீழே அரத்தை இழுத்தார். வழுக்கியது. கால் திருப்பு திருப்பினார். வழுக்கியது. இன்னும் கொஞ்சம். வழுக்கியது. நம்பருக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்ததும் அரம் நின்றது. கர்ரென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அவர் மடியில் பொடி விழுந்தது.

இன்னொரு தடவை இழுத்தார். மறுபடியும் கவ்வியது. மேலிருந்து கீழ்வரை, இரண்டு விரல் அகலம்.

"குடுங்க மாமா" என்று மச்சினன் வாங்கி, தானே இழுத்துப் பார்த்தான். மூன்று தடவை. பிறகு அச்சைக் கீழே வைத்தான். குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாக வைத்தான். அந்த மெதுவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இங்க பாரு. பதட்டப்படாத. ஸ்டோர்ல இந்த வார அச்சு இருக்கு. நல்ல அச்சு, மோட்டார் மாத்தினதுக்கு அப்புறம் போட்டது. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு எடுத்துக்கிட்டு வரேன். நானே மாட்டித் தரேன். யாருக்கும் தெரியவேணாம். உன் வண்டி பத்திரமா இருக்கும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா மேல் உயிர் அவனுக்கு. அதுதான் இதில் அசிங்கம்.

அக்கா மழைத் தண்ணீரில் கையைக் கழுவினார். கிரீஸ் போகவில்லை.

"சரி, மாட்டு. மேட்டுல எனக்கு முன்னாடி ஏறுதே ஒரு வண்டி, அதுக்கும் மாட்டிக் குடுப்பியா?"

"அது எப்படிக்கா..."

"அது முறிஞ்சா யாரு மேலடா உருளும்? நல்ல அச்சு போட்ட வண்டின்னு பார்த்து ஒதுங்கிப் போகுமா?"

"அக்கா, பன்னெண்டாயிரம் வண்டிக்கா. கூப்பிட்டு மாத்தினா கம்பெனியே நிக்காது. முந்நூறு குடும்பம் இருக்கு அங்க."

"பன்னெண்டாயிரம்னு கணக்கு தெரியுது. இருநூறுன்னு டைப் பண்ணிக்கிட்டு வந்திருக்கே."

"நான் பண்ணல. மேனேஜர்..."

"நீ கொண்டுவந்தே. நனையாம கொண்டுவந்தே."

சூட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். பானையைத் தூக்கித் தாளை எடுத்தார். அதன் நடுவில் கறுப்பாக வட்டம் விழுந்திருந்தது. வாசலுக்கு வந்து, கையை நீட்டினார்.

"பேனா குடு மாப்ளே."

மச்சினன் முகம் வெளிச்சமானது. பேனாவின் மூடியைக்கூட அவனே கழற்றிக் கொடுத்தான். சூட்டுக்காரர் தாளைத் திருப்பி, வண்டியின் சீட்டில் வைத்து, வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல், பெரிய பெரிய எழுத்தாக. அவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் வராது. பேனா தாளைக் கிழிக்கும்.

எழுதியது இவ்வளவுதான். பத்தொன்பதாம் வாரம் முதல் இருபத்தைந்தாம் வாரம் வரை சுழற்றும் மோட்டார் இல்லை. சொன்னேன். ஓட்டச் சொன்னார்கள். தண்ணீர் வளையத்தின் பின்பக்கம் அடைத்தது. சொன்னேன். நிறுத்த விடவில்லை. முளை வைத்து நம்பரை முன்பக்கம் நிறுத்தியது நான். யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். அதனால்தான் டெஸ்டில் தெரியவில்லை. நம்பருக்கு எதிர்ப்பக்கம் அரம் வைத்துப் பார்க்கவும்.

கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

"இதைக் கொண்டுபோய்க் குடு."

"இதையா? மாமா, இதைக் குடுத்தா என்னைக் கொன்னுடுவாரு."

"அப்ப நான் குடுத்துக்கறேன்" என்று தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே போய்க் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். தூக்கி எறிவார் என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றி டார்ச்சுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு வண்டிகள் சார்ஜ் போடுகிற யார்டுக்குப் போனோம். அக்காவின் வண்டி ஒரு அச்சு இல்லாமல் வீட்டில் நின்றது, அதனால் நடந்து போனோம். அச்சை அக்கா தோளில் வைத்துக்கொண்டார். மழை விட்டிருந்தது. யார்டில் நாற்பது வண்டி வரிசையாக நின்று, தலைக்கு மேல் கம்பியில் தொங்கிய வயர்களைக் கவ்விக்கொண்டிருந்தன. டீக்கடையில் கூட்டம்.

"என்னக்கா, வண்டியை விட்டுட்டு அச்சை மட்டும் தூக்கிட்டு வரே? பிரிச்சுப் பிரிச்சு விக்கிறியா?" என்றான் ஒருவன்.

"உனக்கு ஒண்ணு குடுக்கலாம்னுதான். எல்லாரையும் கூப்பிடு."

கூடினார்கள். அக்கா பேசுவார் என்று பார்த்தேன். அவர் தள்ளி நின்றுகொண்டார். சூட்டுக்காரர்தான் பேச வேண்டியிருந்தது. பத்துப் பேருக்கு நடுவில் பேசிப் பழக்கமில்லாதவர். மோட்டார், தண்ணீர், முளை என்று வரிசையாகச் சொன்னார். அரத்தை இழுத்துக் காட்டினார். நம்பர் பக்கம் வழுக்கல். எதிர்ப்பக்கம் கர்ர். பின்வரிசைவரை கேட்டது அந்தச் சத்தம்.

"இதை யாரு சுட்டது?" என்று ஒரு குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவனை மொட்டை என்பார்கள். கிடங்குத் தெரு மேட்டில் அன்றைக்கு வண்டி ஓட்டியவன் அவன்தான். லைசென்ஸ் இல்லாததால் ஒரு வாரமாக யார்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சுமைக்காரர் அவனுடைய மாமனார்.

"நான்தான்" என்றார் சூட்டுக்காரர்.

மொட்டை அவர் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தான். பொத்தான் தெறித்தது. அவர் கையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். வேறு யாரும் அசையவில்லை.

அக்கா இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "அடிக்கணும்னா அப்புறம் அடி. எங்கயும் ஓடமாட்டாரு. முதல்ல அச்சைக் கழட்டு."

மொட்டை கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு விட்டான். திரும்பிப் போய்ப் பக்கத்து வண்டிக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளினான்.

பத்து மணிக்குள் பதினேழு வண்டி திறந்தாகிவிட்டது. முப்பத்து நாலு அச்சு, தார்ப்பாயில் வரிசையாக. சூட்டுக்காரர் மண்டி போட்டு ஒவ்வொன்றாக அரம் இழுத்தார். கவ்வியவற்றை இந்தப் பக்கம், வழுக்கியவற்றை அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பதினாலு சேர்ந்தது. ஒருத்தன் வண்டியில் இரண்டுமே. அவன் அதில்தான் தன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் விடுகிறவன். தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு அச்சையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

பத்தரைக்குப் பட்டறை வேன் வந்தது. மச்சினன் இறங்கினான். கூட இரண்டு ஆள், மரப்பெட்டிகள்.

"எல்லாத்தையும் குடுங்க. கம்பெனியில வெச்சு முறையா டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட் தருவாங்க" என்று கூட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னான். அக்கா பக்கம் பார்க்கவில்லை.

"ஒண்ணுகூடக் குடுக்காதீங்க" என்றார் அக்கா. "போனா திரும்பி வராது. வந்தாலும் நம்பரைத் தேய்ச்சுட்டுத்தான் வரும்."

யாரும் கொடுக்கவில்லை. மொட்டை கவ்விய அச்சு ஒன்றை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்றான். பெட்டி கொண்டுவந்த ஆட்கள் பெட்டியை இறக்கவேயில்லை.

"அக்கா" என்றான் மச்சினன், பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி. "என் வேலை போயிடும்."

"போகட்டும். வண்டி ஓட்டக் கத்துத் தரேன்" என்றார் அக்கா. "நல்ல அச்சு கிடைச்சதும்."

அன்றைக்கே சூட்டுக்காரரின் வேலை போனது. தாளை மேனேஜர் வாங்கவில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, நகல் ஒன்றை வண்டிக் கம்பெனி முகவரிக்குப் பதிவுத் தபாலில் போட்டார். சேர்ந்தது என்று ரசீது வந்தது. பதில் வரவில்லை. அவர் மேல் கேஸ் வந்தது. பட்டறையின் பெயரைக் கெடுத்ததாக.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு யார்டுகளுக்கு அரத்தை எடுத்துக்கொண்டு போகிறார். சில இடத்தில் டீ கொடுக்கிறார்கள். சில இடத்தில் விரட்டுகிறார்கள். வண்டியைத் திறந்தால் அரை நாள் பிழைப்பு போகும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இதுவரை முந்நூற்றுப் பத்து வண்டி பார்த்திருக்கிறார். மீதி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. சத்தமில்லாத வண்டிகள், பின்னால் வருவதே தெரியாது. மேட்டில் உங்களுக்கு முன்னால் நீலப் பெட்டி வண்டி ஒன்று ஏறினால், கொஞ்சம் தள்ளியே வாருங்கள்.